ஞாயிறு பத்து மணிக் கட்டம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் டொமினிக் பதில் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில், நாரிச் நகரத்தில், அவன் படித்த அதே பள்ளியில் கணக்கு ஆசிரியர் வேலை அவனுக்காகக் காத்திருந்தது. தலைமை ஆசிரியை இரண்டு முறை அவகாசம் கொடுத்துவிட்டார். மூன்றாவது முறை கேட்க அவனுக்கே கூச்சமாக இருந்தது.

அதே திங்கட்கிழமை மதியம்தான் அவன் மகளும் வீட்டுக்கு வருகிறாள். பத்து வாரம் முன்னதாகவே அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட டீரா, உமியோ நகர மருத்துவமனையில் ஒன்பது வாரம் கண்ணாடிப் பெட்டியிலும் அப்பா அம்மாவின் நெஞ்சிலுமாக மாறி மாறிக் கிடந்து, ஒருவழியாக இந்த உலகத்தோடு சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

"நீயே முடிவு பண்ணு" என்று அவன் மனைவி அன்னேலி சொல்லிவிட்டாள். "அஞ்சு வருஷம் எனக்காக நீ இங்க இருந்தே. இனிமே உனக்காக நான் அங்க வர்றதுதான் நியாயம். மனசாரத்தான் சொல்றேன்."

உண்மையிலேயே மனசாரத்தான் சொன்னாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் சண்டை போட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

சனிக்கிழமை மாலை, இரண்டு பெரிய பை நிறைய அழுக்குத் துணியோடு அவன் மட்டும் ரயிலேறி, அவர்கள் குடியிருந்த ஊரான ஹெர்னோசந்துக்கு வந்தான். படிக்கட்டில் யாரும் எதிர்ப்படவில்லை. எட்டு வீடுகள் உள்ள கட்டடம். எட்டுக் கதவுகளும் எப்போதும்போல மூடியே இருந்தன. ஒன்பது வாரத்தில் இந்தக் கதவுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு போன் வரவில்லை, ஒரு வாழ்த்து அட்டை வரவில்லை. குழந்தை பிழைத்ததா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குப் போனில் அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கவே கூடாது.

"ஒருத்தர்கூடவா கேக்கல? அங்க இருக்கிறது மனுஷங்களா, மரக்கட்டைங்களாடா?" என்று அம்மா நாரிச்சிலிருந்து பொரிந்தாள். "உங்க அப்பாவுக்குக் கால் ஒடிஞ்சப்போ தெருவே நம்ம வாசல்ல நின்னுச்சு. பதினோரு கேக்! வைக்க இடமில்லாம தபால்காரருக்கு ரெண்டு கொடுத்தேன்."

"தெரியும்மா. அந்த வருஷம் நான் மூணு கிலோ ஏறினேன்."

"சிரிக்காதே. பச்சைக் குழந்தையை வெச்சுக்கிட்டு அங்க யாருடா இருக்கா உங்களுக்கு? அந்தப் பொண்ணோட அப்பா அம்மாவும் இல்ல. இங்க வா. நான் இருக்கேன்."

போனை வைத்தபோது அவன் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டான். தலைமை ஆசிரியைக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைக்கூட மனதுக்குள் பாதி எழுதிவிட்டான். அதற்கு முன்னால் துணி துவைக்க வேண்டும். குழந்தை வருமுன் வீட்டிலுள்ள சின்னத் துணி, விரிப்பு, போர்வை எல்லாவற்றையும் சூடான தண்ணீரில் அலசி வையுங்கள் என்று செவிலி சொல்லியிருந்தாள். அப்போதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. சலவை அறையில் அவன் பெயர் எழுதவே இல்லை.

அந்தக் கட்டடத்தில் யார் வீட்டிலும் வாஷிங் மெஷின் கிடையாது. கீழே, நிலத்தடியில், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை. சுவரில் மாத அட்டவணை ஒன்று தொங்கும், கயிற்றில் ஒரு பென்சிலும். உன் கட்டத்தில் உன் பெயரை எழுதினால்தான் அந்த மூன்று மணி நேரம் உனக்கு. அடுத்தவர் நேரத்தில் கை வைப்பது அடுத்தவர் சட்டைப்பையில் கை வைப்பதற்குச் சமம்.

அட்டவணையை மாட்டுபவர் லென்னார்ட். பஸ் ஓட்டுநர், ஐம்பத்தைந்து வயது, குடியிருப்புச் சங்கத்தின் தலைவர், சரியான சட்டாம்பிள்ளை. அறிவிப்புப் பலகை முழுக்க அவர் எழுதிய சீட்டுகள்தான். 'ட்ரையர் வடிகட்டியில் பஞ்சை விட்டுப் போகிறவர் தன் வீட்டிலும் இப்படித்தான் வாழ்கிறாரா?' 'பச்சை நிறக் காலுறை ஒன்று ஆறு நாளாக இங்கே கிடக்கிறது. இது அனாதை இல்லம் அல்ல. லென்னார்ட்.'

டொமினிக் இங்கு வந்த முதல் வருடம், இருபத்தைந்தாம் தேதி காலை ஏழு மணிக்குப் புது அட்டவணை மாட்டுவார்கள் என்று கேள்விப்பட்டு, நல்ல ஆங்கிலேயனாக ஐந்தரைக்கே மடக்கு நாற்காலியோடு போய் அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். ஏழு மணிக்கு வந்த லென்னார்ட் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பண்றே?"

"வரிசையில நிக்கிறேன்."

"யாருக்குப் பின்னால?"

சின்னப் பிள்ளைகளும் கிழவர்களும்கூட ஒருவரையொருவர் 'நீ' என்று பேசிக்கொள்ளும் ஊர் அது. அதனால் அந்த ஒருமை அவனை உறுத்தவில்லை; அந்தக் கேள்விக்குத்தான் முழித்தான். ஆனால் அன்றைக்குத்தான் ஞாயிறு பத்து மணிக் கட்டம் அவன் கைக்கு வந்தது. வாரத்திலேயே எல்லோரும் கண் வைக்கும் கட்டம். ஒவ்வொரு மாதமும் ஓடிப்போய் அதைத் தக்கவைத்துக்கொண்டான். அவனும் அன்னேலியும் அங்கே மெஷின் மேல் உட்கார்ந்து காபி குடித்தபடியேதான் குழந்தைக்குப் பெயர்கூடத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஞாயிறு காலை பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பைகளைத் தூக்கிக்கொண்டு கீழே போனான். யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கெஞ்சுவது என்பது திட்டம்.

கட்டம் காலியாக இருந்தது.

அதிர்ஷ்டம்தான் என்று நினைத்துக்கொண்டான். உள்ளங்கை நீளச் சட்டைகளை மெஷினில் போட்டு, அறுபது டிகிரிக்குத் திருகிவிட்டு, நிமிர்ந்து அட்டவணையைச் சரியாகப் பார்த்தான். மார்ச் மாதம். ஒரு கட்டம் பாக்கியில்லாமல் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. சனிக்கிழமை காலைக் கட்டத்தில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயர், அதையும் அடித்து முதல் பெயர் என்று சின்ன யுத்தமே நடந்திருந்தது. ஞாயிறு பத்து மணி மட்டும் ஐந்து வாரமும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

பழைய தாள்கள் அடியிலேயே கிளிப்பில் இருக்கும். பிப்ரவரியைப் புரட்டினான். அங்கேயும் அப்படியே. ஒரு வாரம் மட்டும் ஏதோ ஒரு பெயரை எழுதி அழித்த தடம்.

அவன் அந்தத் தாளைப் பிடித்தபடி நிற்கும்போது இரண்டாம் மாடி மரீத்தா ஒரு துண்டைத் தேடிக்கொண்டு வந்தாள். பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவள். அந்த ஊர்க் கணக்குக்கு வாயாடி.

"ஓ, வந்துட்டியா இங்கிலாந்துக்காரா" என்றாள், அவன் கடைக்குப் போய் வந்ததுபோல.

"மரீத்தா, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு யாருமே எழுதலையா?"

"எழுதலை போலருக்கு."

"ரெண்டு மாசமா?"

"ஞாயித்துக்கிழமைன்னா எல்லாரும் தூங்குவாங்க."

"போன வருஷம் இந்தக் கட்டத்துக்காக நீ என்கிட்ட பதினாறு நாள் பேசல."

"பதினெட்டு" என்று திருத்தினாள். கதவுப் பக்கம் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதே. மூணாம் மாடிக்குப் புதுசா ஒரு பையன் வந்திருக்கான், பொந்துஸ்னு. பாவம், விஷயம் தெரியாம அதுல பேரை எழுதிட்டான். லென்னார்ட் ரப்பரை எடுத்துக்கிட்டு நேரா அவன் வீட்டுக்கே போயிட்டான். 'அது ஆளிருக்கிற கட்டம்'னு சொல்லி, தன்னோட செவ்வாய்க்கிழமைக் கட்டத்தை அவனுக்குத் தூக்கிக் கொடுத்துட்டான்."

"அப்போ லென்னார்ட் எப்போ துவைக்கிறான்?"

"புதன்கிழமை விடிகாலை அஞ்சு மணிக்கு. பஸ் எடுக்கிறதுக்கு முன்னாடி. மெஷின் சத்தத்துல நான்தான் முழிச்சுக்கிறேன், வேற யாரு?"

"யார் முழிச்சுக்கிறா?" என்று கேட்டபடி லென்னார்ட் உள்ளே வந்தார். டொமினிக்கைப் பார்த்துத் தலையசைத்தார். நேராக ட்ரையரிடம் போய் வடிகட்டியை இழுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. திரும்பப் பொருத்தினார்.

"லென்னார்ட், இந்தக் கட்டத்தை..."

"சும்மா கெடந்துச்சு. அவ்ளோதான்."

"சும்மா கெடந்ததுக்கா புதன்கிழமை அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறே?" என்றாள் மரீத்தா.

"நான் எப்பவும் சீக்கிரம் எழுந்திருக்கிறவன்."

டொமினிக் அவர் பக்கம் திரும்பினான். சொல்ல நினைத்தது நன்றி. வெளியே வந்தது வேறு. "ஒன்பது வாரம், லென்னார்ட். யாருக்கும் எங்க ஞாபகமே இல்லேன்னு நெனைச்சேன். ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

மரீத்தா துண்டை மடிக்கத் தொடங்கினாள். லென்னார்ட் ட்ரையரின் திருகியைக் கவனமாகப் பார்த்தார்.

"போன் பண்ணா நீ எடுக்கணும். எடுத்தா பேசணும். என்ன பேசியிருப்பே?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்க வர்றப்போ துணி நெறைய இருக்கும்னு தெரியும். அப்போ கட்டம் இருக்கணும். என்னால முடிஞ்சது அது" என்றார்.

அந்த வார்டில் ஒவ்வொரு முறை போன் அதிர்ந்தபோதும் அதைக் கவிழ்த்து வைத்தது டொமினிக்குக்கு ஞாபகம் வந்தது. டீராவுக்கு மூச்சு நின்று நின்று வந்த அந்த வாரத்தில் அம்மாவின் போனையே எத்தனை முறை எடுக்காமல் விட்டான்! எடுத்திருந்தால் அவளுக்கும் சேர்த்து அவனல்லவா தைரியம் சொல்லியிருக்க வேண்டும். தன் வீட்டு வாசலில் வந்து குவிந்த பதினோரு கேக்குகளையும் நினைத்தான், இந்த ஒன்பது வெள்ளைக் கட்டங்களையும் நினைத்தான். இரண்டுமே தனக்குக் கிடைத்தவைதான் என்று தோன்றியதும் கண் கலங்கிவிட்டது. குனிந்து காலிப் பையை மடித்தான்.

"எவ்வளவு எடை இருக்கா?" என்று கேட்டார் லென்னார்ட்.

"ரெண்டு கிலோ அறுநூறு."

லென்னார்ட் யோசித்தார். "மெஷின் அஞ்சு கிலோவுக்கு. பாதிதான் வரும்."

"அடப்பாவி, குழந்தையையா துவைக்கப் போறான்?" என்றாள் மரீத்தா. டொமினிக் சிரித்தான். ஒன்பது வாரத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தான். லென்னார்டின் மீசைகூட லேசாக அசைந்தது.

அவர்கள் போக எத்தனித்தபோது அவன் கயிற்றில் தொங்கிய பென்சிலை எடுத்தான். மார்ச்சில் இன்னும் மூன்று ஞாயிறு இருந்தது. முதல் கட்டத்தில் எழுதினான்: டொமினிக், அன்னேலி, டீரா. இரண்டாவதில் எழுதினான். மூன்றாவதிலும் எழுதினான். பென்சிலை விட்டபோதுதான் தன் கை என்ன முடிவு செய்துவிட்டது என்று அவனுக்கே தெரிந்தது.

லென்னார்ட் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தார். "ஒரு வீட்டுக்கு ஒரு பேருதான். ரெண்டாவது விதி."

"அழிச்சிடவா?"

"வேணாம்" என்றார். "சின்ன எழுத்துதானே."

மெஷின் சுற்றி முடிக்க நாற்பது நிமிடம் இருந்தது. அதன் மேலேயே உட்கார்ந்து தலைமை ஆசிரியைக்கு நன்றி சொல்லி, வர இயலாது என்று எழுதி அனுப்பினான். பிறகு அன்னேலியைக் கூப்பிட்டான்.

"துணி துவைக்க நேரம் கெடைச்சுதா?" என்றாள்.

"கெடைச்சுது. அன்னேலி, நாம எங்கயும் போகல."

டீரா எதையோ சப்புகிற ஒலி மட்டும் கேட்டது.

"எனக்காகச் சொல்றியா?"

"இல்ல. மனசாரத்தான் சொல்றேன்."

அவள் அழுதாள். நியாயம் பேசிவிட்டு இத்தனை நாள் எதை விழுங்கிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவள் அழுது முடிக்கும்வரை சும்மா போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை. இந்த ஊர் வழக்கம் அவனுக்கும் கொஞ்சம் வந்துவிட்டிருந்தது.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். சலவை அறைக் கதையைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த லென்னார்ட் விடிகாலை அஞ்சு மணிக்கா எழுந்தான்? பனியில?"

"சலவை அறை உள்ளேதான்மா இருக்கு."

"இருந்தாலும்" என்று பெருமூச்சு விட்டாள். "சரி, நீ வரலேன்னா நான் வர்றேன். ஈஸ்டருக்கு டிக்கெட் எடு. அவங்க எத்தனை வீடு? எட்டா? உங்களை விட்டா ஏழு கேக். மாவு அங்க நல்லதா கெடைக்குமா?"

துணியெல்லாம் காய்ந்ததும் அவன் ஒரு சீட்டை எழுதினான். அந்தப் பலகையில் யாரையும் திட்டாத முதல் சீட்டு அதுவாகத்தான் இருக்கும். 'எங்கள் கட்டத்தைக் காத்து வைத்ததற்கு நன்றி. எட்டாம் எண் வீடு.'

மறுநாள் மதியம் டீராவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அன்னேலி படியேறுமுன் நின்றாள். "கீழ போய்ப் பாத்துட்டு வரலாமா?"

மூவரும் சலவை அறைக்குப் போனார்கள். பலகையில் அவன் சீட்டுக்கு அடியில் கொட்டை எழுத்தில் ஒரு பதில் இருந்தது. 'சரி. நேற்று வடிகட்டியில் பஞ்சு இருந்தது.' அதன் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைக் காலுறையைக் கிளிப்பில் மாட்டியிருந்தார்கள். அவன் தவறவிட்டது. அதற்குக் கீழேயும் ஒரு சீட்டு.

அன்னேலி அதைக் குழந்தைக்குக் கேட்கும்படி மெதுவாக வாசித்தாள்.

'காலுறை ஒன்று. அவசரமில்லை. லென்னார்ட்.'