சுற்றிப் பார்க்க வந்தவர்

வெளிச்சம் வருவதற்குள் மேல் கிளைகளைக் காலி செய்துவிட வேண்டும். அதுதான் எங்கள் தோட்டத்துச் சட்டம். பனியில் நனைந்த ஏணியின் குளிர், பூட்ஸைத் தாண்டி உள்ளங்காலுக்கு ஏறும். வயிற்றில் கட்டிய பை நிறைய நிறைய, தோள்பட்டையில் வார் சதையை அறுக்கும். பிளம்ஸ் பழத்தின் மேல் வெள்ளையாக ஒரு மாவு படிந்திருக்கும். அது கலையக் கூடாது. காம்பை மட்டும் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். மாவு கலைந்த பழத்துக்குக் கூலி கிடையாது. பத்து மணிக்கு மேல் டிக்கெட் வாங்கி வரும் குழந்தை அதே பழத்தைப் பந்தாக உருட்டலாம், ஒரு கடி கடித்துவிட்டு வீசலாம். வீசியதைக் குனிந்து பொறுக்குவதும் நாங்கள்தான்.

முன்பெல்லாம் முழு மரமும் எங்களுடையதாக இருந்தது. கீழ்க்கிளையில் நின்றபடியே மளமளவென்று கூடையை நிரப்பிவிடலாம். மேலே ஏறும்போது ஆகும் தாமதம் அதில் ஈடாகிவிடும். கூடைக்கு இவ்வளவு என்று கூலி. பிறகு முதலாளி சாலையோரம் ஒரு பலகை வைத்தார்: ‘குடும்பத்தோடு வாருங்கள், நீங்களே பறியுங்கள்.’ அன்றிலிருந்து கை எட்டும் கிளையெல்லாம் குடும்பங்களுக்கு, எட்டாத கிளையெல்லாம் எங்களுக்கு. எங்கள் கூலியில் பாதி, காரில் வந்து சிரித்துக்கொண்டே போய்விட்டது. நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையைச் செய்ய ஜனங்கள் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

“கூடைக்குக் கொஞ்சம் ஏத்திக் குடுங்க முதலாளி. கஷ்டமான பாதிதான் எங்களுக்கு வருது” என்று ஒருநாள் எல்லோருக்குமாகக் கேட்டது என் தங்கை புருஷன்தான்.

“உனக்கென்னடா கஷ்டம், நெட்டை? உன்னைப் பெத்தவங்க ஏணியும் சேர்த்துல்ல பெத்திருக்காங்க” என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவனும் சிரித்தான். கூலி ஏறவில்லை.

நெட்டை என்றுதான் தோட்டம் முழுக்க அவனுக்குப் பெயர். நான் மட்டும் மாப்ளே என்பேன். அவனும் என் தங்கையும் மகளும் தோட்டத்துக்குப் பின்னால், தொழிலாளர்களுக்கென்று முதலாளி கட்டிவிட்ட வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். ஓர் அறை, ஓர் அடுப்பு மேடை, ஒரு ஜன்னல். அடுத்த அறை என்னுடையது. அவர்கள் ஜன்னலில் ஏறி நின்றால் டிராக்டர் வண்டி தெரியும். சனி, ஞாயிறுகளில் வைக்கோல் கட்டுகளை இருக்கையாகப் போட்டு, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அது தோட்டத்தைச் சுற்றி வரும். குட்டி என்று நாங்கள் கூப்பிடும் அவர்கள் மகள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி திரும்பி வரும்வரை இறங்க மாட்டாள். ஏழு வயது. வாய் மட்டும் எழுபது வயது.

“அப்பா, நாமளும் தோட்டத்துக்குப் போலாம்.”

“தினம் அங்கதானே போறேன்.”

“நீ வேலைக்குப் போற. நான் சுத்திப் பாக்கப் போகணும். நீ வேலைக்காரனா வரக் கூடாது. அப்பாவா வரணும்.”

அவளுடைய நச்சரிப்பு தாங்காமல் சீசன் முடிவதற்குள் ஒருநாள் லீவு சொன்னான். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் நீலச் சட்டையைப் போட்டான். பூட்ஸை மூலையில் விட்டுவிட்டு, துடைத்து வைத்த தோல் செருப்பை மாட்டினான். என் தங்கைக்கு அன்று பழம் பிரிக்கும் கொட்டகையில் வேலை. அவள் போக முடியவில்லை. அப்பனும் மகளுமாகப் பின்வழியை விட்டு, சாலையைச் சுற்றி, முன் கேட்டுக்குப் போய் டிக்கெட் வாங்கினார்கள். இத்தனை வருஷத்தில் அவன் முன் கேட்டு வழியாக நுழைந்தது அன்றுதான். டிக்கெட் கொடுக்கும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிக்கெட்டுக்கு அடையாளமாக இருவர் கையிலும் பழப் படம் போட்ட மை முத்திரையைக் குத்தினாளாம்.

நான் வரிசைகளுக்கு நடுவே விழுந்த பழங்களை வாரிக்கொண்டிருந்தேன். குளவிகள் மொய்த்துக் கிடந்தன. அவன் என் முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினான்.

“ஏம்பா, இங்க எந்த மரத்துல பழம் நல்லாருக்கும்?”

“ஐயா வாங்க, இந்தப் பக்கம் வாங்க. கூட வந்திருக்கறது யாருங்க, உங்க அம்மாங்களா?” என்றேன்.

குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் உயரத்துக்கு அவள் உயரமும் சேர, நாங்கள் விடிகாலையில் பறிக்காமல் விட்ட பழங்கள்கூட அவளுக்கு எட்டின. காம்பைப் பிடித்துத் திருகச் சொல்லிக் கொடுத்தான். அவள் மாவு கலையாமல் எடுத்து, என்னிடம் காட்டிவிட்டுக் கூடையில் வைத்தாள். அவ்வளவு சந்தோஷத்தை நான் அந்தத் தோட்டத்தில் பார்த்ததில்லை. டிராக்டர் வண்டியில் இரண்டு சுற்று போனார்கள். டிராக்டர்காரர் இரண்டாவது சுற்றுக்குக் காசு வாங்கவில்லை.

அப்புறம் முதலாளி வந்தார். அவருக்கு வேண்டிய ஒரு குடும்பம் கூட வந்திருந்தது. அவர்கள் வீட்டுக் குழந்தை உச்சிக்கிளையில் தப்பியிருந்த ஒரு பழத்தைக் காட்டி அழுதது. ஏணி பக்கத்து மரத்தில் சாய்ந்து கிடந்தது.

“டேய் நெட்டை, ஏணியைப் போட்டு அந்தப் பழத்தைப் பறிச்சுக் குடு.”

“இன்னைக்கு லீவுங்க முதலாளி. பிள்ளையோட வந்திருக்கேன்.”

“ஒரு பழம்டா.”

நான் வரிசையின் மறுகோடியில் இருந்தேன். “நான் வர்றேன் முதலாளி” என்று குரல் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

“நீ வர்றதுக்குள்ள பாப்பா அழுது முடிச்சிரும். ஏறுடா.”

மாப்பிள்ளை குட்டியைத் தோளிலிருந்து இறக்கினான். கூடையை அவள் கையில் கொடுத்தான். “பிடிச்சுக்க. இந்தா வந்துட்டேன்” என்றான். ஏறினான். பூட்ஸாக இருந்தால் நின்றிருக்கும். விசேஷத்துக்குப் போடும் செருப்பு, அடியில் வழவழவென்று இருந்தது. பழத்தைப் பறித்துக்கொண்டு திரும்பும்போது கால் வழுக்கியது. கழுத்து மடங்கி விழுந்தான். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குட்டி கூடையைக் கீழே வைக்கவே இல்லை. அப்பா பிடித்துக்கொள்ளச் சொன்னாரே என்று பிடித்துக்கொண்டு நின்றாள்.

குளிப்பாட்டும்போது அவன் கையில் இருந்த முத்திரை போகவில்லை. என் தங்கை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். “போதும், விடு” என்று நான்தான் கையைப் பிடித்தேன். அவன் அப்படியே, டிக்கெட் வாங்கியவனாகவே போய்ச் சேர்ந்தான்.

தப்பித்துக்கொள்ள முதலாளிக்கு அந்த முத்திரைதான் சாக்காகக் கிடைத்தது. பத்து நாள் கழித்து என் தங்கையின் அறை வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“பாரும்மா, எனக்கும் வருத்தம்தான். ஆனா நஷ்டஈடு கேட்டு நீங்க மனு குடுத்திருக்கீங்களாம், தொழிலாளர் ஆபீஸ்ல இருந்து ஆள் விசாரிக்க வருதாம். அவன் அன்னைக்கு வேலையில இல்லையே. டிக்கெட் எடுத்து சுத்திப் பாக்க வந்தவன். சுத்திப் பாக்க வர்றவங்க ஏணியில ஏறக் கூடாதுன்னு கேட்டுலயே எழுதியிருக்கு.”

“நீங்கதானே முதலாளி ஏறச் சொன்னீங்க” என்றேன்.

“நீ அவன் மச்சான். நீ வேற என்ன சொல்லுவ?” அவர் குனிந்து குட்டியிடம் கேட்டார். “அப்பா அன்னைக்கு எதுக்கு வந்தாரு பாப்பா? வேலைக்கா?”

குட்டி தலையை நிமிர்த்தினாள். “வேலைக்கு இல்ல. என்னைச் சுத்திக் காட்ட வந்தாரு. எங்கப்பா அன்னைக்கு லீவு.”

“குழந்தை பொய் சொல்லாது” என்றார் முதலாளி. “இந்த ரூமு உன் புருஷன் பாத்த வேலைக்காகக் குடுத்தது. மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்கங்க.”

அவர் போன பிறகு என் தங்கை மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

“அவகிட்ட மாத்திச் சொல்லச் சொல்லணும். அதிகாரி அவளைத்தான் முதல்ல கேப்பாரு” என்றேன்.

“என்னால முடியாதுண்ணே. வேலைக்குப் போயிருந்தாருன்னு எப்படிச் சொல்லச் சொல்லுவேன்? பிறந்ததுல இருந்து அவளுக்குன்னு அப்பா இருந்தது அந்த ஒருநாள்தான். அதையும் புடுங்கி முதலாளி கணக்குல எழுதச் சொல்றியா?”

சோற்றுக்கும் கூரைக்கும் அந்த நாளை விற்க வேண்டும். விற்காவிட்டால் நடுத்தெரு.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால் எல்லோரும் கூடினோம். தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டோம். அவரவர் அறை, அவரவர் அடுப்பு கண்முன் நின்றிருக்கும். டிக்கெட் கொடுக்கும் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். அவளுக்கு அதுவரை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கம் இல்லை.

“அவர் விழுந்தவுடனே முதலாளி கேட்டுக்கு ஓடி வந்தாரு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லத்தான் வர்றாருன்னு நினைச்சேன். ‘நெட்டை டிக்கெட் வாங்கினானா’ன்னு கேட்டாரு. அதுதான் முதல் கேள்வி. எனக்கு அன்னைல இருந்து சாப்பாடு இறங்கல.”

டிராக்டர்காரர் தட்டைக் கீழே வைத்தார். வேலை பறிபோய்விடும் என்று பத்து நாளாக என் முகத்தைப் பார்க்காமல் திரிந்தவர். “ஏறுடான்னு சொன்னது என் காதுலயும் விழுந்தது. நான் வண்டியை நிறுத்தியிருந்தேன். பிள்ளையை விட்டுருங்கப்பா. பெரியவங்க நமக்கு வாய் இல்லையா?”

பேச்சு அதன்பிறகுதான் சூடு பிடித்தது. அதிகாரி முன்னால் முதலாளி உண்மையைச் சொல்லும்வரை, என் தங்கைக்கு அறை உண்டு என்று சொல்லும்வரை, ஒருவரும் ஏணியில் கால் வைப்பதில்லை என்று முடிவானது. கூலியையும் சேர்த்துக் கேட்போம் என்றது ஒரு குரல். சேர்த்துத்தான் கேட்க வேண்டும் என்றார்கள் எல்லோரும்.

அன்று சாயங்காலம் குட்டி என் அறைக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் காதில் வாங்கியிருக்கிறாள்.

“மாமா, அப்பா வேலை செஞ்சாருன்னு சொன்னா, அன்னைக்கு லீவு இல்லைன்னு ஆயிருமா?”

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஆகாதுடா. காலையில இருந்து அவர் உன்கூடத்தான் இருந்தாரு. அது உன்னுது. கடைசியில கொஞ்ச நேரத்தை மட்டும் முதலாளி எடுத்துக்கிட்டாரு. அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் அவரைப் பதில் சொல்லச் சொல்றோம்.”

அவள் எழுந்து போனாள். புரிந்ததா இல்லையா, எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. மேல் கிளைகளில் பழங்கள் பறிக்காமல் அப்படியே இருந்தன. ஏணிகளைத் தூக்கி வந்து முன் கேட்டின் குறுக்கே படுக்கப் போட்டு, பனி ஈரத் தரையில் உட்கார்ந்தோம். வரிசை வீட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். வெயில் ஏறியதும் கார்கள் வந்து சேர்ந்தன. ஹாரன் அடித்தார்கள். சிலர் திரும்பிப் போனார்கள். ஒரு காரிலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்து, என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, குழந்தைகளின் கையைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள்.

முதலாளி வந்தார். “எந்திரிங்க. செத்தவன் ஒருத்தன், அதுக்கு எல்லாரும் ஏண்டா பிழைப்பைக் கெடுத்துக்கறீங்க?”

“நாளைக்கு நீங்க இதே மாதிரி ஏறச் சொல்லிக் கூப்பிடுறது எங்களைத்தானே முதலாளி” என்றார் டிராக்டர்காரர்.

“கூப்பிட்டேன், கூப்பிட்டேன்னு எத்தனை தடவை சொல்லுவீங்க? சுத்திப் பாக்க வந்தான். அவன் பொண்ணே சொல்லியிருக்கு.”

என் தங்கையின் மடியிலிருந்து குட்டி எழுந்தாள். யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை. உட்கார் என்று நான் கையை நீட்டினேன். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“ஆமா, சுத்திப் பாக்கத்தான் வந்தோம்” என்றாள். “நீங்க கூப்பிட்டீங்க. எங்கப்பா லீவுன்னு சொன்னாரு. பிள்ளையோட வந்திருக்கேன்னு சொன்னாரு. நீங்க விடல.”

முதலாளி எதையோ சொல்ல வாயெடுத்தார். கார்களுக்கு வெளியே நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அலுவலக அறைப் பக்கம் நடந்தார். யாரைக் கூப்பிட்டார், போலீஸையா வேறு ஆட்களையா, எங்களுக்குத் தெரியாது. டிக்கெட் கொடுக்கும் பெண் ஜன்னலைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்து என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் போன பிறகு என் தங்கை வாய்விட்டு அழுதது அப்போதுதான். அந்தப் பெண் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

குட்டி என் மேல் சாய்ந்துகொண்டாள்.

“எப்ப மாமா வீட்டுக்குப் போவோம்?”

“தெரியலடா. நேரமாகும்.”

“அதுவரைக்கும் எல்லாரும் இருப்பாங்களா?”

பதில் சொல்லும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். இருந்தார்கள்.