வெள்ளை வந்தால் வரட்டும்

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, அன்றைய செய்தித்தாளின் முதல் பக்கத்திலிருந்து சத்யபிரியா இரண்டு துண்டு கிழித்தாள். அமெரிக்கப் போர்க்கப்பல் படம் போட்டிருந்த பக்கம். ஒரு துண்டில் கப்பலின் மூக்கு வந்தது, இன்னொன்றில் வால். முதல் துண்டில் வெள்ளை அரளியை வைத்து மடித்தாள். இரண்டாவதில் சிவப்பு அரளி வைக்க வேண்டும். அதிலும் வெள்ளையையே வைத்து, நூல் சுற்றி, இரண்டையும் ஒரே அளவாக அமுக்கினாள். பறித்து வந்த சிவப்புப் பூ குப்பைக் கூடைக்குப் போனது. சாமிகுத்தம் என்று தெரியும். வந்தால் தன் தலையில் வரட்டும், அந்த மனுசன் உயிரோடு வந்து சேர்ந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த மனுசன் அவள் கணவன் குமரகுரு. கத்தாரில் அமெரிக்க ராணுவ முகாமுக்குள், ஒப்பந்தக் கம்பெனி நடத்தும் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. காலையில் வரிசையாக வந்து நிற்கும் சிப்பாய்களுக்கு ஆம்லெட் போட்டுத் தர வேண்டும். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் பிறந்தவனுக்குக் கடல் தாண்டிப் போயும் முட்டைதான் விதித்திருக்கிறது என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். இந்த ஒரு மாதமாக யாரும் கேலி செய்வதில்லை. கடைக்குப் போனால், "குமரகுரு பேசுச்சா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். எழவு வீட்டில் கேட்பது மாதிரியான அந்தக் குரலைக் கேட்டால் சத்யாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அமெரிக்கா ஈரானுக்குக் கெடு வைத்திருந்தது. பேச்சுவார்த்தை நல்லபடியாகப் போகிறது என்று காலைச் செய்தியில் சொல்வார்கள். மத்தியானம், இன்னொரு கப்பல் புறப்பட்டுவிட்டது என்பார்கள். ராத்திரி நாலு பேர் உட்கார்ந்து, அமெரிக்கா அடித்தால் ஈரான் திருப்பி எங்கே அடிக்கும் என்று வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். ஒவ்வொரு சேனலிலும் வட்டத்தின் நிறம்தான் வேறு. உள்ளே இருந்தது குமரகுருவின் முகாம். அவனோ போனில் வேறு கணக்குச் சொன்னான். சாப்பிட வருகிற கூட்டம் பாதியாகிவிட்டதாம். ஓடுதளத்தில் வரிசையாக நின்ற விமானங்களைக் காணோமாம். பத்திரப்படுத்த வேண்டியதையெல்லாம் பத்திரப்படுத்திவிட்டு, ஆம்லெட் போடுகிறவனை மட்டும் அங்கேயே விட்டு வைத்திருக்கிறார்கள் என்று சத்யாவுக்குப் புரிந்தது.

இன்று விடிந்ததும் கூப்பிட்டான். "ஊருக்குப் போறவிய இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள பேர் குடுக்கோணுமாம். அப்பறம் கேட்டா உடமாட்டாங்களாம். எனக்கு ஒண்ணுமே ஓட மாட்டீங்குது சத்யா. கருப்பண்ணசாமிகிட்டப் பூக் கேட்டுச் சொல்லுங்க. வெள்ளை வந்தா வாரேன். செவப்பு வந்தா இங்கயே இருந்துக்கறேன்."

அவன் அப்படித்தான். கத்தாருக்குக் கிளம்பும்போது பூக் கேட்டான். வண்டி வாங்கப் பூக் கேட்டான். சத்யாவைப் பெண் பார்த்துவிட்டு வந்தும் பூக் கேட்டுத்தான் சம்மதம் சொன்னான். அன்றைக்குச் சிவப்பு வந்திருந்தால் தன் கதை என்னவாகியிருக்கும் என்று அவளுக்கு அவ்வப்போது தோன்றும். சாமி முன்னால் ஒரு குழந்தை கைநீட்டி எடுத்த பொட்டலத்தில் அவள் வாழ்க்கை இருந்தது. இன்னொரு முறை அப்படி விட்டுவிட அவளுக்குத் தைரியமில்லை.

மாமியார் பாவாயிக்கும் அவளுக்கும் முந்தின ராத்திரியே அவன் வரலாமா, அங்கேயே இருக்கலாமா என்று பேச்சு வளர்ந்திருந்தது. பாவாயி கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போகிறவள். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் டிவி முன்னால் இருந்தாள்.

"அவன் இருக்கற எடத்துல பூமிக்கடியில ரூம்பு இருக்குதுங்கறான். சத்தங் கேட்டா அதுக்குள்ள போயிருவானுக. ஏரோப்ளேன்ல போறவனுக்கு என்ன இருக்குது? முன்னயே ஒருக்கா அமெரிக்காக்காரன் கப்பல்ல இருந்து ஜனங்க போன ப்ளேனத் தவறிச் சுட்டுப்போட்டானாம். டிவியில சொல்றான். அத்தன பேரும் கடலுக்குள்ள."

"குண்டு போடறதே அந்த முகாமுலதானுங்கத்தை. வட்டம் போட்டுக் காட்டறாங்கல்லங்க."

"வட்டம் போட்ட எடத்துலதான் காவலும் இருக்கும்."

இரண்டு பேரும் சொன்னது சரியாகவே இருந்தது. அதனால்தான் இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை.

மொபெட்டில் கிளம்பினார்கள். முன்னால் மகள் பாப்பா நின்றுகொண்டாள். பின்னால் பாவாயி, தேங்காய் பழத்தட்டும் பொட்டலமும் இருந்த வயர் கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மோகனூர்ச் சாலையில் கரும்பு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது. காவிரிக்கரையில் இருந்த கோயிலில் அவ்வளவாகக் கூட்டமில்லை. பூசாரி பொட்டலங்களை வாங்கிக் கருப்பண்ணன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். பிறகு தட்டில் இரண்டையும் போட்டுக் குலுக்கி, பாப்பாவின் முன்னால் நீட்டினார்.

"ஒண்ண எடு சாமி."

பாப்பா யோசிக்கவேயில்லை. எடுத்துக் கொடுத்தாள். பூசாரி நூலைப் பிரித்தார்.

"செவப்புங்க. இருக்கற எடத்துலயே இருக்கச் சொல்லுது சாமி."

சத்யாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் மடித்தது இரண்டும் வெள்ளை. கருப்பண்ணன் பூவின் நிறத்தையே மாற்றிவிட்டானா? தப்பைப் பொறு சாமி என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை போனது. அப்போதுதான் பூசாரியின் உள்ளங்கையில் விரிந்து கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். கப்பலின் மூக்குமில்லை, வாலுமில்லை. முட்டை விலை நிலவரம் இருந்தது. அது உள்பக்கத்தில் வருவது.

திரும்பி மாமியாரைப் பார்த்தாள். கற்பூரம் அணைந்த பிறகும் பாவாயி கண்ணைத் திறக்காமல் கும்பிட்டுக்கொண்டே நின்றாள். பிறகு சட்டென்று, தட்டில் மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பூசாரி கருவறைக் கம்பிக்கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். படித்துறையில் பாப்பா தண்ணீரில் கையும் காலும் நனைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் மேல்படியில் உட்கார்ந்தார்கள்.

"அந்தப் பொட்டலத்தக் குடுங்கத்தை. ஆத்துல உட்டுட்டு வாரேன்."

"நானே உட்டுக்கறேன், உடு."

"அதுலயும் செவப்புத்தானுங்களே?"

பாவாயியின் கை இடுப்பிலேயே நின்றுவிட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"நான் மடிச்சது ரெண்டும் வெள்ளைங்க."

பாவாயி அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு கூடைக்குள் கைவிட்டு, தேங்காய் மூடிக்கு அடியிலிருந்து கப்பல் படம் போட்ட இரண்டு பொட்டலங்களை எடுத்தாள். "நான் பிரிச்சுப் பாக்கக்கூட இல்ல. வண்டியில வரைல மாத்திப்போட்டேன்." ஒன்றைப் பிரித்தாள், வெள்ளை. இன்னொன்றைப் பிரித்தாள், அதுவும் வெள்ளை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். சத்யாவும் அழுதாள். ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"டிவியில அமெரிக்காக்காரனும் ஈரான்காரனும் இப்படித்தானே பேசறம் பேசறமுங்கறானுக?" என்றாள் பாவாயி, மூக்கைச் சிந்திக்கொண்டு. "ரெண்டு பக்கமும் முன்னயே மடிச்சு வெச்சிருப்பானுக."

சத்யாவுக்கு வேறொன்று உறைத்தது. "அத்தை, அப்ப சாமிகிட்ட இன்னும் யாருமே கேக்கலீங்க."

பாவாயி அழுகையை நிறுத்தினாள். சூரியன் உச்சி தாண்டிச் சாய்ந்திருந்தது. கத்தாரில் மத்தியானமாக இன்னும் கொஞ்சம் நேரமிருக்கும், அவ்வளவுதான். "மடி புள்ள," என்றாள்.

இந்த முறை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே மடித்தார்கள். கப்பல் படத்தின் ஒரு துண்டில் வெள்ளை, இன்னொன்றில் பாவாயியின் இடுப்பிலிருந்த பொட்டலத்துச் சிவப்பு. பொய்யாக மடித்தபோது ஒரே சுற்றில் நின்ற நூல் இப்போது சத்யாவுக்கு இரண்டு முறை நழுவியது. பாவாயி பிடுங்கிச் சுற்றினாள். அவளுக்கும் ஒருமுறை நழுவியது. எது எதில் இருக்கிறது என்று இருவருக்குமே தெரியக்கூடாது என்பதற்காக, சத்யா முகத்தைத் திருப்பிக்கொள்ள, பாவாயி முந்தானைக்குள் போட்டுக் குலுக்கினாள். பிறகு பாவாயி கண்ணை மூடிக்கொள்ள, சத்யா குலுக்கினாள். பூட்டிய கம்பிக்கதவின் முன்னால் தட்டை வைத்தார்கள். உள்ளே இருட்டில் கருப்பண்ணனின் வெள்ளிக் கண்கள் மட்டும் தெரிந்தன. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்தக் கண்களைப் பார்க்கச் சத்யாவுக்குப் பயமாக இருந்தது.

பாப்பாவைக் கூப்பிட்டாள். ஈரக்கால் பதிய ஓடி வந்தவள், "மறுக்காவா?" என்றாள்.

அப்போது போன் அடித்தது. குமரகுருதான்.

"சத்யா, பேர் எழுதறவன் மேசைய எடுக்கப்போறான். நான் வரிசைக்குப் பக்கத்துலதான் நிக்கறேன். பூ என்ன வந்துச்சு?"

அவனுக்குப் பின்னால் ஆட்களின் சத்தம் கேட்டது. இந்தி, மலையாளம், எதுவென்று தெரியாத இன்னொரு பாஷை. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். சிவப்பு என்று சொல்லவும் அதே ஒரு நொடிதான். பாவாயி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, கொஞ்சம் இருங்க," என்றாள் சத்யா. "இப்பத்தான் பாப்பா எடுக்கறா."

"சரி, இருக்கறேன்."

பாப்பா தட்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். முதல் முறை யோசிக்காமல் எடுத்தவள், பெரியவர்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் நிற்பதைப் பார்த்து இப்போது யோசித்தாள். ஈரமான சின்னக் கை ஒரு பொட்டலத்தின் மேலே போய் நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்து இன்னொன்றின் மேலே வந்தது. விரலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் காகிதத்தில் விழுந்து, கப்பலின் மேல் பரவியது.