கல் ஏறிய கூரை

புது வீட்டுக் கூரைக்குப் பாறையிலிருந்து பிளந்தெடுத்த சிலேட்டுக் கல்லையே பதிப்பதென்று தையற்காரி முடிவு செய்தபோது, அவளுடைய கணவர் மட்டுமே இசைந்தார், அதுவும் அரைமனத்தோடுதான். கூரைத் தகடு விற்கும் கொழுந்தன், "வீட்டுக்கு மேல பள்ளிக்கூடம் நடத்தப் போறீங்களா, அண்ணி?" என்று கேலி பேசினான். தகடு வெளுத்துவிடும், மழையில் பேச்சுக் கேட்காது என்றும், கல்லோ பேரப்பிள்ளைகள் காலத்திலும் இதே கருநீலத்தில் இருக்கும் என்றும் அவள் நிதானமாக விடை சொன்னாள்.

கல்லின் பாரத்தைத் தாங்கும் கூரைச் சட்டத்தைச் செய்து நிறுத்தியவன் தச்சனாகிய அவள் தம்பி. கல் பதிப்பதையும் அவனே ஏற்றான். ஆணித்தலை மரத்தோடு மரமாகப் படிய வேண்டும் என்பது அவன் தொழிலின் மானம். அவ்வழக்கப்படியே கல்லின் துளைகளிலும் ஆணியை இறுக அறைந்தான். மறுநாள் பார்த்தால், முதலிரண்டு வரிசைகளில் பாதிக் கற்கள் துளையோரம் விரிசல் விட்டிருந்தன.

கொழுந்தனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்னும் ஒரு கல் விரிந்தாலும் தகடுதான் என்று கூறிய கணவர், காலையில் வண்டியோடு வரும்படி அவனிடம் சொல்லியும் விட்டார்.

தையற்காரி ஏணியில் ஏறிக் கற்களை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். ஆணி ஏறாத கல் வெண்கலம்போல் ஒலித்தது. விரிந்த கல் ஊமையாயிருந்தது. விரிசல் எல்லாம் ஆணியைச் சுற்றியே கிளம்பியிருந்தது.

"பொத்தானை இறுக்கித் தைச்சா துணிதான்டா கிழியும். கொஞ்சம் நூல் விட்டுத் தைக்கணும். கல்லை அறையாத, தொங்க விடு."

"கல்லு ஆடுமேக்கா. பார்க்கிறவன் என்னைத் தச்சன்னு சொல்லுவானா?"

"உடைஞ்சா மட்டும் சொல்லுவானா?"

தம்பியின் முகம் சிறுத்தது. ஆயினும் அறைந்த ஆணிகளைப் பிடுங்கி, விரிந்தவற்றை மாற்றி, ஆணித்தலை கல்லைத் தொட்டும் அழுத்தாமலும் நிற்குமாறு இரு வரிசைகளையும் புதிதாகத் தொங்கவிட்டான்.

காலையில் தகடு வண்டி வந்து நின்றது. கணவர் தாமே மேலேறித் தட்டத் தொடங்கினார். தையற்காரி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கல்கூட ஊமையாகவில்லை. இறங்கி வந்தவர் கைத்தூசியைத் தட்டிக்கொண்டு கொழுந்தனிடம் சொன்னார்:

"வண்டியைத் திருப்பிக்கோப்பா. இது கல்லுக் கூரை. உங்க அண்ணி தேர்ந்தெடுத்தது."

கொழுந்தன் வாய் திறப்பதற்குள் அவள் ஏணியின் பாதிப்படியில் இருந்தாள்.

"வந்ததுதான் வந்தீங்க, தம்பி. மூணாவது வரிசைக்கு அந்தக் கல்லைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."