பின்னால் நின்ற கூட்டல் குறி

மூன்றாவது நாளும் மூத்தவளுக்குப் பிடி கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவள் புரோகிராம் எழுதிக் கொடுத்த டோக்கன் மெஷினில் திரை நாற்பத்தொன்று என்று காட்ட, ஸ்பீக்கர் நாற்பத்திரண்டு என்று கூப்பிட்டது. டாக்டர் அறை வாசலில் இரண்டு பேர் கைகலப்பு வரைக்கும் போய்விட்டார்களாம். மேனேஜர் காலையிலிருந்து நான்கு முறை வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போனார்.

ஐந்தாவதாக வந்து நின்றது அவளுடைய ஓரகத்தி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், ஆறு மாதமாக ஆபீசுக்கும் வந்துவிட்டாள். வீட்டில் மாமியாருக்கு வாயைத் திறந்தால் சின்னவள் புராணம்தான். ஆபீசிலாவது தான் பெரியவள் என்ற நிம்மதி மூத்தவளுக்கு இருந்தது.

"அக்கா, இந்த வரியில டோக்கனுக்குப் பின்னாடி ப்ளஸ் ப்ளஸ் போட்டிருக்கீங்க இல்ல? அதான் திரைக்குப் பழைய நம்பர் போயிடுது. அப்புறம்தான் ஒண்ணு ஏறுது. ஸ்பீக்கர் ஏறின நம்பரப் படிக்குது. முன்னாடி போட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்."

மூத்தவளுக்குக் காது மடல் சுட்டது. சி மொழியில் முதல் மாதமே படிக்கிற பாடம். வேலைக்கு ஆள் எடுத்தபோது இவளிடமே இதைத்தான் கேட்டாள். அன்றைக்குத் திருதிருவென்று விழித்தவள் இவள். மூன்று நாளாகத் தன் கண்ணில் படாதது, நின்ற வாக்கில் இவள் கண்ணில் பட்டுவிட்டது. வீட்டில் கொழுந்தன் இதைச் சொல்லிச் சிரிப்பதும் மாமியார் முகம் பூரிப்பதும் இப்போதே தெரிந்தது.

"அது இல்ல. அதெல்லாம் எப்பவோ பாத்தாச்சு. நீ போய்ச் சாப்பிடு."

சின்னவள் தலை மறைந்ததும், இரண்டு கூட்டல் குறிகளையும் எடுத்து முன்னால் வைத்து ஓட்டிப் பார்த்தாள். திரையும் ஸ்பீக்கரும் ஒரே எண்ணைச் சொல்லின.

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை!" என்றார் மேனேஜர், எல்லோர் முன்னாலும். சின்னவள்தான் முதலில் கை தட்டினாள். அது மூத்தவளுக்கு இன்னும் எரிந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த சின்னவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

"இன்டர்வியூல உங்ககிட்ட அசிங்கப்பட்டதுக்கப்புறம் தினமும் உக்காந்து படிச்சேன்க்கா. புரிஞ்சிடுச்சுன்னுதான் நெனச்சேன். இன்னிக்கு மறுபடி தப்பாச் சொல்லிட்டேன். பின்னாடி போட்டா என்ன ஆகும்னு நீங்களே ஒரு தடவ எழுதிக் காட்டுங்களேன்."

நோட்டையும் பேனாவையும் மூத்தவளின் மடியில் வைத்தாள். 'பழைய மதிப்பைக் கொடுத்துவிட்டு, பிறகு ஒன்று ஏறும்' என்று குண்டு குண்டாக எழுதி, அதன்மேல் நீளமாக ஒரு கோடு அடித்திருந்தாள். பஸ் குலுங்கிக்கொண்டே போனது. கோட்டுக்கு அடியில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.