கவிழ்த்து வைத்த பிளக்

எனக்கும் அக்காவுக்கும் அன்று காலையிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பக்கத்து அணிக்காரர்கள் முன்னால், எனக்குக் கை மட்டும்தான் வேலை செய்யும், மூளை செய்யாது என்று சொல்லிவிட்டாள். வந்ததே எனக்குக் கோபம்! இருபது வருஷமாக எஞ்சின் கழற்றுகிறவன் நான்.

எங்களுடையது நேர்க்கோட்டுப் பந்தயம். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். கார் ஓட்டுவது அத்தான். எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள் என்று முடிவு செய்வது அக்கா. கழற்றுவதும் மாட்டுவதும் நான். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே முக்கால் மணி நேரம்தான். அதற்குள் எஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பூட்ட வேண்டும். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. கழற்றிய ஸ்பார்க் பிளக்குகளைத் தட்டில் வரிசையாக நிறுத்துவேன். எரியாமல் எரிபொருளில் நனைந்து வந்ததை மட்டும் கவிழ்த்து வைப்பேன். எந்த சிலிண்டர் செத்திருக்கிறது என்று அக்கா தட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் உள்ளே எரிபொருள் தேங்கி எஞ்சின் வெடித்துவிடும். இது எங்கள் இருவருக்கும் பால பாடம்.

அன்று ஆறாவது பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கவிழ்த்து வைத்துத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவளோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டை ஏறெடுத்தும் பார்க்காமல், சரி என்று கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய மூளைக்காரிதானே, தானே வந்து கேட்கட்டும் என்று ரோஷம். புதுப் பிளக்கை மாட்டினேன். அது மட்டும் போதாது, ஆறாவதுக்குப் போகும் எரிபொருளை அவள்தான் குறைக்க வேண்டும். கடைசி நிமிஷத்திலாவது வந்து கேட்பாள் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன்.

விளக்கு பச்சையானது. கார் பாதி தூரம்கூடப் போகவில்லை. சத்தம் காதில் கேட்டதா நெஞ்சில் கேட்டதா, இன்றுவரை தெரியவில்லை. காரின் மேல்கூடு முழுசாக வானத்துக்குப் போனது. நான் பூட்டிய இரும்பெல்லாம் தடத்தில் துண்டு துண்டாக விழுந்தது. எனக்குக் கால் ஓடவில்லை, கை ஓடவில்லை. அக்கா ஓடினாள், ஒரு செருப்போடு.

அத்தான் பிழைத்துக்கொண்டார். இரண்டு கையிலும் தீக்காயம். காது சுத்தமாகக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பார்த்ததும் அந்த அறையே அதிரும்படி கேட்டார்.

"என்ன மச்சான் ஆச்சு? ஏதாவது நனைஞ்சிருந்துச்சா?"

பதில் சொன்னால் கேட்காது. அக்கா நர்ஸிடம் ஒரு தாள் வாங்கி எழுதி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். 'ஆறாவது. இவன் கவிழ்த்துத்தான் வெச்சிருந்தான். நான்தான் பார்க்கல. தப்பு என்னோடது.'

அத்தான் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் பேனாவை வாங்கி அவள் எழுத்துக்குக் கீழே எழுதினேன்.

'நீ பார்க்கலன்னு எனக்கு அப்பவே தெரியும்.'

அத்தான் கண் திறப்பதற்குள் அக்கா அதைப் படித்துவிட்டாள்.