பொறுமைக்குச் சாட்சி

மகனுக்கு நல்ல பெயர் வாங்கித் தரத்தான் பெரியவர் நீதிமன்றத்தை ஒட்டிய அந்த அலுவலகத்துக்கு வந்திருந்தார். மனைவியை அடித்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. இனி அவனை எந்த வகுப்புக்கு அனுப்புவது என்று பரிந்துரைக்க வேண்டியவர், எதிரே உட்கார்ந்திருந்த ஆலோசகர் அம்மாள். கோபத்தை அடக்கக் கற்றுத்தரும் வகுப்பு சில வாரங்களில் முடிந்துவிடும். காதும் காதும் வைத்தாற்போல் போய் வந்துவிடலாம். இன்னொன்றில், மனைவியை அடித்த ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து, செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனைவி பயமில்லாமல் இருக்கிறாளா என்று அவளிடமும் தனியாகக் கேட்பார்கள். அது ஒரு வருடம். ஒரு வருடம் ஊர் வாயை மூட முடியுமா?

அதனால் மகன் வேலை பார்க்கும் மின்சாதனக் கடையின் மேலாளரையே கையோடு கூட்டி வந்திருந்தார். மகன் வெளியே பெஞ்சில் காத்திருந்தான்.

"தங்கமான பையன்மா," என்றார் மேலாளர். "புகார் வாங்குற மேசையில உக்காந்திருக்கான். அங்க உக்கார எனக்கே தைரியம் கிடையாது. போன வாரம் ஒருத்தர் இஸ்திரிப் பெட்டிய இவன் முன்னால விட்டெறிஞ்சு, பெத்தவளையெல்லாம் இழுத்துத் திட்டினாரு. 'உக்காருங்க சார், தண்ணி குடிங்க'ன்னான். நானா இருந்தா அந்தப் பெட்டிய சூடு பண்ணி அவர் முதுகுலயே தேய்ச்சிருப்பேன்."

பெரியவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "எங்க வளர்ப்பு அப்படிம்மா. வெளியில அவன் குரல் உசந்து ஒருத்தரும் கேட்டதில்லை."

ஆலோசகர் மேலாளருக்கு நன்றி சொல்லி அனுப்பிவைத்தார். கதவு சாத்தியதும், "அப்படின்னா கோபத்தை அடக்க அவருக்கு நான் என்னய்யா சொல்லிக்கொடுக்கறது? அவரே பாடம் எடுப்பார்போல இருக்கே," என்றார்.

பெரியவருக்குச் சுருக்கென்றது. "வீட்டுக்கு வந்தா தன்னை மறந்துடறாம்மா. கண்ணு மண்ணு தெரியாம, கையில கிடைச்சதைப் போட்டு உடைச்சிடறான்."

"எதையெல்லாம் உடைச்சார்?"

"மருமகளோட தையல் மிஷினை. அவ மூக்குக் கண்ணாடியை. அவ அம்மா போட்டோவை..."

"அவரோடது எதையாவது?"

பெரியவர் வீட்டுக் கூடத்தை நினைத்துப் பார்த்தார். தையல் மிஷினை ஒட்டினாற்போல்தான் மகன் ஆசையாக வாங்கிய தொலைக்காட்சி இருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. தன்னை மறந்தவன் கை இப்படிப் பார்த்துப் பார்த்தா விழும்?

"அந்தப் பொண்ணு இன்னும் அதே வீட்டுலதான் இருக்காங்க," என்றார் ஆலோசகர். "கூட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பெரியவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குடும்பத்தை யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பழகாத நாக்கு அது.

"ஒரு வருஷ வகுப்புலயே போடுங்கம்மா."

வெளியே வந்ததும் மகனிடம் மறைக்காமல் சொன்னார். "ஒரு வருஷ வகுப்புக்கு நான்தான் சொன்னேன். உன் நல்லதுக்குத்தான்டா."

மகன் பெஞ்சிலிருந்து எழுந்தான். படி இறங்கக் கைகொடுப்பவன்போல அவருடைய மேற்கையைப் பிடித்தான். பிடி இறுகியது. எலும்பு நொறுங்கிவிடும்போல வலித்தது. "பார்த்து வாங்கப்பா," என்றான், ஏறி வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டபடி.

காவலாளி நின்று பார்த்தார். "என்ன பெரியவரே, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது?"

"ஒண்ணுமில்லப்பா. கால் தடுக்கிடுச்சு."

யோசிக்காமலே வந்துவிட்டது. மருமகளும் காயத்தோடு நிற்கும்போதெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நம்பியவர்போல ஒவ்வொரு முறையும் தலையாட்டியது அவர்தான். திரும்பி அந்த அறைக்கே போய்விடலாமா என்று நினைத்தார். சுற்றிலும் ஆட்கள். மகன் பிடியைத் தளர்த்தாமல், படிப்படியாக, பத்திரமாக அவரைக் கீழே இறக்கிக் கூட்டிப்போனான்.