குப்பம்மாளின் உப்பு ஜாடி

அந்த ஞாயிற்றுக்கிழமை மாசியில் வந்ததா, பங்குனியிலா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஆண்டு தொண்ணூற்றெட்டு என்று நான் நினைக்கிறேன். அமல்ராணி தொண்ணூற்றேழு என்பாள். அன்று ரேடியோவில் வந்தவற்றின் வரிசையைக்கூட நான் மாற்றிச் சொல்லக்கூடும். ஆனால் பொழுது விடிந்ததிலிருந்து அவள் எதற்குப் பயந்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அமல்ராணிக்குத் திண்டிவனம். வீட்டில் அதிகம் பேசமாட்டாள். தலையசைப்பில் முடிகிற விஷயத்துக்கு வாயைத் திறக்கமாட்டாள். மாதத்தில் ஒரு நாள் மட்டும் பஸ் ஏறிப் புதுச்சேரி வானொலி நிலையத்துக்குப் போவாள். வளையல் சத்தம் மைக்கில் விழக்கூடாதென்று அவற்றை முழங்கைக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, மாத நாடகத்தில் குப்பம்மாள் என்னும் மாமியாராக நின்று கத்துவாள். உப்பு ஜாடியைக்கூடப் பூட்டி வைத்து மருமகளை அழவைப்பவள் அந்தக் குப்பம்மாள். மாதம் முழுக்கச் சேர்த்த பேச்சை அந்த அரைமணியில் கொட்டிவிட்டு வருகிறாளோ என்று அவள் கணவர் அடைக்கலராஜுக்குச் சந்தேகம் உண்டு.

மகள் சகாய பிரியாவுக்குக் கூட்டேரிப்பட்டிலிருந்து வந்த வரன் அதனால்தான் தட்டிப்போனது. "நாடகத்துலயே இந்தப் போடு போட்றவ, வூட்ல சும்மாவா இருப்பா?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது முகையூரிலிருந்து சவுரியம்மாள் தன் மகன் வளனோடு வருகிறாள். வளன் விழுப்புரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். போட்டோவில் பார்த்ததிலேயே பிரியாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. இரண்டு நாளாக உப்புக் காரம் தெரியாமல் அவள் சாப்பிட்டதை வைத்து அம்மாவே புரிந்துகொண்டாள்.

"இன்னிக்கு ஒருநாள் நாடகத்தப் பத்தி மூச்சு உடாத," என்றார் அடைக்கலராஜ்.

பூசை முடிந்து வந்ததும் அமல்ராணி சமையலறை ரேடியோவைப் போட்டாள். மல்லாட்டை எனும் வேர்க்கடலை விதையைப் பற்றி ஒரு விவசாயி பேட்டி கொடுத்தார். ஒரு பல் டாக்டர் ஈறு வீக்கத்தைச் சாவகாசமாக விளக்கினார். பிறகு ஏரி மதகுகளைப் பற்றி ஓர் உரை. பேசியவர் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நிறுத்தி மூச்சு வாங்கினார். அந்த இடைவெளிகள் அமல்ராணிக்குப் பிடித்திருந்தன. அவற்றில் அவள் வெங்காயம் அரிந்தாள். அப்புறம் நேயர் கடிதம் வந்தது.

"முகையூரிலிருந்து சவுரியம்மாள் எழுதியிருக்கிறார். குப்பம்மாளை நேரில் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், கேட்காமல் விடமாட்டேன் என்கிறார்."

அரிவாள்மணையில் அவள் கை நின்றுவிட்டது.

"முகையூர்ல எத்தினி சவுரியம்மாளோ," என்றாள் பிரியா.

"எனக்குச் சொல்றியா, உனக்கே சொல்லிக்கிறியா?"

காலையிலிருந்து அமல்ராணி பேசியதில் அதுதான் நீளம்.

பன்னிரண்டரைக்கு அவர்கள் வந்தார்கள். சவுரியம்மாள் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். பஸ் கூட்டம், வெயில், வளனுக்குக் கேப்பைக் களி பிடிக்காதது எல்லாம் வரிசையாக வந்தன. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாளோ என்று அமல்ராணி உதட்டை மட்டும் அசைத்தாள்.

"இன்னா, தொண்ட கட்டிக்கிச்சா?"

தலையாட்டினாள். சாப்பாட்டு நேரம் முழுக்க அப்படியே போனது. கேள்விகள் அவளைப் பார்த்து வந்தன. பதில்களை அடைக்கலராஜ் சொன்னார். சவுரியம்மாளின் பேச்சு மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. மகனைப் பார்த்து, "மூணு மணி பஸ்ஸ புடிச்சிடலாம்டா," என்றாள். பாயாசத் தம்ளரோடு வந்த பிரியா சமையலறை வாசற்படியிலேயே நின்றாள்.

கை கழுவித் திரும்பும்போது சவுரியம்மாள் சொன்னாள், "ரெண்டு மணி நாடகத்த மட்டும் கேட்டுட்டு கெளம்பறோம். ரேடியோவக் கொஞ்சம் வைங்க."

மறுக்க முடியவில்லை. ரேடியோ கூடத்துக்கு வந்தது. குப்பம்மாள் கத்தினாள், ஜாடியைச் சாவி குலுங்கப் பூட்டினாள், மருமகள் விசும்பினாள். சவுரியம்மாள் தொடையில் தட்டி, "பாரேன் இவள!" என்றாள். தன் குரல் வெளியே கிடந்து கூச்சல் போட, தான் வாயை மூடி உட்கார்ந்திருப்பது அமல்ராணிக்கு வினோதமாக இருந்தது. நாடகம் முடியும் தறுவாயில்தான் அவளுக்கு உறைத்தது: கடைசியில் நடித்தவர்களின் பெயரைச் சொல்வார்களே! மற்ற மாதங்களில் அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் காத்திருப்பாள். இப்போது எழுந்து குமிழை நோக்கிக் கை நீட்டினாள். சவுரியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரும்மா. பேரு சொல்லுவாங்க."

"குப்பம்மாளாக, திண்டிவனம் அமல்ராணி."

செய்தி ஆரம்பித்தது. வளன் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான்.

"மாசாமாசம் சொல்றாங்க, எனக்குத் தெரியாதா?" என்றாள் சவுரியம்மாள். "பேரத் தெரிஞ்சிக்கினுதான் பஸ் ஏறனேன். ஆசையா வந்தா, ஒரு வார்த்த பேசல நீங்க. நம்மகிட்டல்லாம் இன்னா பேச்சுன்னு இருக்கீங்களோன்னு பேஜாராப் போச்சு. அதான் கெளம்பறேன்னேன்."

"பயந்துட்டேங்க," என்றாள் அமல்ராணி.

"குப்பம்மாளா பயந்தா? சரி, எழுதனேனே, அதக் கேட்டுடறேன். அந்த ஜாடிய கடைசில அந்தப் பொண்ணுகிட்ட குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

கடைசிப் பகுதி முந்தின வாரமே ஒலிப்பதிவாகிவிட்டது. முடிவை வெளியே சொல்லக்கூடாதென்று நிலையத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அமல்ராணி வாசற்படியில் நின்ற மகளைப் பார்த்தாள்.

"குடுத்துடுவேன்," என்றாள். "சாவியோட."

சவுரியம்மாள் பெரிதாக மூச்சு விட்டாள். "அப்பாடா! டேய் வளா, பஸ் போவட்டும் உடு. பாயாசத்த எடுத்தாம்மா, எவ்ளோ நேரம் புடிச்சிக்கினு நிப்ப? சம்மந்தி, எனக்காவ ஒரே ஒரு தபா கத்துங்க."

அமல்ராணி வளையல்களை மேலே தள்ளிக்கொண்டாள். அவள் போட்ட சத்தத்தில், பெண் பார்க்க வந்த இடத்தில் அடிதடி என்று பக்கத்து வீட்டு ராஜாமணி ஈரக்கையோடு ஓடிவந்தார்.

மே மாதம் முகையூர் கோயிலில் கல்யாணம் நடந்தது. பிரியாவுக்கும் வளனுக்கும் இரண்டு பெண்கள். கடை இன்னும் விழுப்புரத்தில்தான் இருக்கிறது. அடைக்கலராஜ் இரண்டாயிரத்து ஒன்பதில் இறந்தார். அதற்கு இரண்டு வருஷம் கழித்துச் சவுரியம்மாள் போனாள். முட்டிவலி வந்தபின் அமல்ராணி புதுச்சேரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். பழையபடி, அதிகம் பேசுவதில்லை.